கிணறு இல்லாத ராட்டினம்

மதராஸ் துறைமுகத்தில் சாலம்மாளின் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, மலாயாவிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டிகளை நிறையப் பார்த்துச் சலித்தவர். பூப்போட்ட கைலி இருக்கும், பிஸ்கட் டப்பா இருக்கும், சேலை மடிப்புக்குள் பொட்டுத் தங்கம் இருந்தாலும் இருக்கும். அந்த நினைப்பில்தான் அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். கையில் பட்டது இரும்பு. ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்தார். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற ராட்டினம் அது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக் கெணத்துக்குங்க."

"ஏன், இந்த ஊர்ல ராட்டினம் கிடைக்காதா?"

"கெடைக்கும்ங்க. அங்க இருக்கிறது மரத்துல செஞ்சது. இழுத்தா கிறீச் கிறீச்சுனு ஊரையே கூட்டுமாம். எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு."

அதிகாரி சிரித்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு போகச் சொன்னார். சாலம்மாள் இத்தனை உரிமையோடு பேசிய அந்தக் கிணற்றை அவள் ஒருநாளும் பார்த்தவளில்லை. கிணறு என்ன, இந்தியா என்ற தேசத்தையே அன்று காலையில்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். 1946-ஆம் வருஷத்து ஐப்பசி மாதம். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, தலையில் பெட்டி. முகத்தில் மட்டும் ஏதோ சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவளின் தெளிவு.

அவள் பிறந்தது சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற கூலிகள் வீட்டு வரிசையில். அப்பனும் ஆத்தாளும் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு கப்பலேறியவர்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஒரே காய்ச்சல் காலத்தில் இருவரும் போய்விட்டார்கள். லயத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு கவளம் ஊட்டி வளர்த்த பிள்ளை அவள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் ஒன்று பயந்தாங்கொள்ளியாகப் போகும், இல்லையென்றால் யாருக்கும் அடங்காது. சாலம்மாள் இரண்டாவது வகை. ரப்பர் மரத்துப் பால்வெட்டில் அவள் கத்தி சுத்தமாக ஓடும் என்பதால் ஆட்களை மேய்க்கிற தோட்டத்துத் தண்டல்கூட அவளிடம் வாய் கொடுப்பதைத் தவிர்ப்பான்.

மாதப்பன் அந்தத் தோட்டத்துக்கு முப்பத்தேழாம் வருஷம் வந்து சேர்ந்தான். மறுவருஷமே கூலி ஆட்களைக் கப்பலேற்றுவதை சர்க்கார் நிறுத்திவிட்டது. வத்தல்மலை அடிவாரத்துக்காரன். மெலிந்த ஆள், பெரிய வாய். பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் ஆண்கள் கூடினால் ஊர்ப் பெருமைதான் ஓடும். ஒருவனுக்குத் தென்னந்தோப்பு, ஒருவனுக்குத் தேர், ஒருவனுக்கு ஆறு. யார் எவ்வளவு அளந்தாலும் கடல் தாண்டிப் போய்ச் சரிபார்க்கிறவன் யார்? மாதப்பனுக்கு ஆறும் இல்லை, தேரும் இல்லை. அவன் அளந்தது ஒரு கிணற்றை.

"சித்திரை வெயில்லகூட தண்ணி மேலயே நிக்கும். குடிச்சா நெஞ்சு வரைக்கும் குளுகுளுன்னு எறங்கும்" என்பான். படிக்கட்டு ஒருநாள் கல்லாக இருக்கும், மறுநாள் செங்கல்லாகிவிடும். கரையில் நிற்கிற மரம் ஒருநாள் புளி, ஒருநாள் மா. ஆனால் ஊற்றுக்கண் மட்டும் எப்போதும் வடக்கு மூலையில், மலைப்பக்கம் இருந்தது. அந்தக் கிணற்றுக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு என்பான். அதன் மர ராட்டினம் சத்தம் போடும். இந்தக் குறையைச் சொன்னதால்தான் சாலம்மாள் மற்றதையெல்லாம் நம்பினாள். பொய் சொல்கிறவன் குறை சொல்லுவானா?

அவனையே கட்டிக்கொண்டாள். பெண் பிறந்தது. தகப்பனோடு ஏதோ மனஸ்தாபத்தில்தான் ஊரைவிட்டு வந்தான் என்று அரைகுறையாகத் தெரியும். ஆனாலும் குழந்தைக்குத் தன் தகப்பன் தீர்த்தகிரியின் பெயரைத்தான் வைத்தான். தீர்த்தம்மாள். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்திலிருந்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனார்கள். மாதப்பன் திரும்பவில்லை. அவனோடு போய், காலில் ஆறாத புண்ணோடு திரும்பிய சென்னப்பன்தான் விஷயத்தைச் சொன்னான். வாந்திபேதி. கடைசியில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இது எங்க கிணற்றுத் தண்ணீர் இல்லை என்றானாம்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சாலம்மாளால் மறக்க முடியவில்லை. சண்டை முடிந்து தோட்டம் மறுபடி திறந்தபோது, பால்வெட்டுக்கு ஆள் இல்லை, நீ எங்கே போகிறாய் என்று எல்லோரும் தடுத்தார்கள். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எங்களுக்குன்னு ஒரு கிணறு இருக்கிறது என்றாள். முட்டையிடுகிற பருவத்திலிருந்த கோழிகளை அத்தனையும் சீனன் பட்டறையில் கொடுத்து, இரும்பு ராட்டினம் ஒன்று செய்து வாங்கினாள். புருஷன் சொன்ன ஒரே குறையைச் சரிசெய்யாமல் வெறுங்கையோடு போய் நிற்க அவளுக்கு மனசில்லை.

கப்பல் மேல்தட்டில் பாயை விரித்துப் போட்டுக் கிடந்தார்கள். இடம் போதாமல் ஒருவர் காலருகே இன்னொருவர் தலை. பாதிப் பேர் வாந்தியில் துவண்டு கிடக்க, மீதிப் பேர் ஊரில் என்ன காத்திருக்கிறதோ என்ற கவலையில் பேசாமல் இருந்தார்கள். நிலம் இருக்குமா, அண்ணன் தம்பி சேர்ப்பார்களா, பெண்டாட்டி காத்திருப்பாளா என்று ஆளுக்கொரு கவலை. சாலம்மாளுக்குக் கவலை இல்லை. டிரம்மிலிருந்து ஊற்றிய தண்ணீரில் துரு வாடை அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குழந்தைக்குப் புகட்டியபடி, இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் பார் நம்ம கெணத்துத் தண்ணியை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாய்க்காரர்களுக்கும் அந்தக் கிணறு மனப்பாடமாகிவிட்டது.

ஊர் வரைக்கும் துணையாக வந்த சென்னப்பன் மட்டும் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். அவன் ஊர் மாதப்பன் ஊருக்கு அடுத்தது. அங்கே எத்தனை கிணறு உண்டு, எத்தனை இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? ஒருநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, ஊரில் எல்லாம் மாதப்பன் சொன்ன மாதிரியே இருக்காது தங்கச்சி என்று இழுத்தான்.

"எனக்குத் தெரியாதாண்ணா? அவரு வந்து எத்தனை வருசம் ஆச்சு. படிக்கட்டுல பாசி புடிச்சிருக்கும். தேய்ச்சாப் போவுது" என்றாள்.

சென்னப்பன் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான்.

மதராஸில் ரயிலேறி மொரப்பூரில் இறங்கினார்கள். அங்கிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயில் போகும், ஓடும்போதே இறங்கிப் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஏறலாம் என்று மாதப்பன் சொல்லியிருந்தான். குட்டி ரயிலைக் காணோம். தண்டவாளத்தையும் காணோம். வண்டித்தடம் மாதிரி ஒரு மேடு மட்டும் கிடந்தது. சாலம்மாளுக்கு முதல் தடவையாக லேசாக ஒரு சந்தேகம் வந்தது. சென்னப்பன் விசாரித்து வந்தான். ரயில் இருந்தது நிஜம்தான், சண்டைக் காலத்தில் சர்க்கார் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றான். ஒரு விஷயத்திலாவது மாதப்பனுக்குச் சாட்சி சொல்ல முடிந்ததில் அவனுக்கே பெரிய நிம்மதி. பார்த்தியா, அவர் சொன்னால் சொன்னதுதான் என்று சாலம்மாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

தருமபுரியிலிருந்து மாட்டுவண்டியில் மாதப்பனின் ஊரான சென்றாயன் கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஏழெட்டு வீடுகள், சுற்றிலும் கேழ்வரகுக் கொல்லை, வடக்கே வத்தல்மலை. மாதப்பன் செத்த சேதி முன்பே திரும்பி வந்த யாரோ மூலம் எட்டி, கருமாதியும் முடிந்திருந்தது. மாமியார் முனியம்மாள் ஓடிவந்து பேத்தியை வாரிக்கொண்டு அழுதாள். மாமனார் தீர்த்தகிரி கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். எழுந்து நின்றதே பெரிது என்று பின்னால் மாமியார் சொன்னாள்.

கப்பல்காரி வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கம் அத்தனையும் கூடிவிட்டது. எல்லோர் கண்ணும் பெட்டிமேல். வண்டிக்காரன் அதை இறக்கும்போது முக்கியது எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவ்வளவு கனம் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று அவரவர் ஆசைக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுக்கொண்டார்கள். சாலம்மாள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சேலை, ஒரு பால்வெட்டுக் கத்தி, மாதப்பனின் சட்டை, அதற்கடியில் ராட்டினமும் கயிறும். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சாலம்மாள் அதைக் கவனிக்காமல், ராட்டினத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கெணறு எந்தப் பக்கம்ங்க அத்தை?"

முனியம்மாள் புருஷனைப் பார்த்தாள், புருஷன் மலையைப் பார்த்தார். பக்கத்துக் கொல்லை மாரப்பன்தான் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கே கிணறு ஏதும்மா, குடிதண்ணீருக்கே ஏரிக்கரை ஊற்றுக்குத்தான் போகிறோம் என்றான். பிறகு, மாதப்பன் தோண்டிய குழி ஒன்று இருக்கிறது என்று கையைக் காட்டினான்.

கொல்லை ஓரத்தில் முள் போட்டு மறைத்த ஒரு பள்ளம். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியில் கரும்பாறை, அதன் மேல் நாலு தவளை குளிக்கும் அளவுக்கு ஐப்பசி மழைத் தண்ணீர். படிக்கட்டு இல்லை, புளியும் இல்லை, மாவும் இல்லை. கிறீச்சென்று கத்துகிற மர ராட்டினமும் இல்லை. அந்தக் குறைகூடப் பொய்.

சாலம்மாள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவன்மேல் கோபப்படுவதில் ஒரு கஷ்டம், அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க முடியாது. கோழிகள் நினைவுக்கு வந்தன. கப்பலில் அத்தனை பேரிடமும் வாயாரச் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுபக்கம் நின்றிருந்த சென்னப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் ஊருக்கு நடையைக் கட்டினான். இத்தனை கனத்தைக் கடல் தாண்டிச் சுமந்து வந்து, தவளைக் குளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டாய் ஜனங்கள் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

முழு விவரமும் அடுத்த சில நாளில் மாமியாரிடமிருந்து கிடைத்தது. அப்பனும் மகனும் சேர்ந்துதான் தோண்டினார்கள். பாறை வந்ததும் அப்பன் போதும் என்றார். மகன் இன்னும் ஒரு ஆள் ஆழம் போகலாம் என்றான். வாய்ச்சண்டை முற்றி, அவன் தொப்பூர் சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவன், கங்காணியோடு போய்விட்டான். அன்றைக்கு அந்தக் குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் தீர்த்தகிரி. இதுவரை திரும்பிப் பார்க்கவில்லை. பெயரில் மட்டும் தீர்த்தம், கொல்லையில் சொட்டு இல்லை என்று ஊரார் கேலி பேசியதும் சேர்ந்துகொண்டது. போன வருஷம் ஒரு கன்றுக்குட்டி வேறு அதில் விழுந்து செத்தது.

"அந்தக் குழியாலதான் எம்மவன் போனான். கேவுரு அறுப்பு முடியட்டும், தூத்துப்புடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டார். மண் அடிக்க மாரப்பன் வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார்.

இதற்கு நடுவில் சாலம்மாள் இன்னொரு வினையும் இழுத்துவிட்டாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அவள் அறியாத சங்கதி இல்லை. ஆனால் மாமனாரே இல்லாத லயத்தில் இருந்தவளுக்கு அந்தக் கட்டுப்பாடு பழகவில்லை. குழந்தை முரண்டு பிடித்தால், ஏ தீர்த்தா, முதுகுத் தோல உரிச்சிடுவேன் என்று ஒரு அதட்டல் போடுவாள். கட்டிலில் கண்ணயர்ந்திருக்கும் தீர்த்தகிரி திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். கொட்டாய் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. முனியம்மாள் மருமகளை ஓரமாக அழைத்துக் கெஞ்சியபிறகு, குழந்தை வெறும் பாப்பா ஆனாள்.

குழி மூடப்போகிற பேச்சு சாலம்மாளை அரித்தது. மூடிவிட்டால் என்ன? குடி முழுகிப் போய்விடாது. ஏரிக்கரை ஊற்றுத் தண்ணீரைக் குடித்தே வாழ்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பள்ளத்தில் மண் விழுந்துவிட்டால் மாதப்பன் காலாகாலத்துக்கும் பொய்க்காரனாகவே போய்விடுவான். கட்டினவளையும் பெற்ற பிள்ளையையும் ஏமாற்றிய வாய்வீச்சுக்காரன் என்ற பெயர்தான் மிஞ்சும். அதை அவளால் தாங்க முடியவில்லை. தான் திட்டினால் சரி, ஊர் திட்டக்கூடாது.

கேழ்வரகு அறுப்பு முடிந்த அன்று அவள் நேராக மாமனார் கட்டிலுக்கு எதிரில் போய் நின்றாள். அந்தக் காலத்தில் மருமகள்கள் செய்கிற காரியம் இல்லை அது.

"எனக்கு ஒரு கோடை குடுங்க மாமா. ஆடி பொறக்கிறதுக்குள்ள தண்ணி வரலைன்னா மொதக் கூடை மண்ணை நானே கொட்டுறேன். இந்த ராட்டினத்தையும் உள்ள போட்டு மூடிடலாம். அப்புறம் அவரு பேச்சையே எடுக்க மாட்டேன்."

தீர்த்தகிரி முடியாது என்று சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். அவர் அப்புறம் ஏதாவது சொல்வதற்கு இடம் வைக்கவில்லை.

முதல் வேலையாகக் குழியின் மேல் இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்கே ஒரு உத்திரம் போட்டு, ராட்டினத்தைக் கட்டினாள். மலைமேலிருந்து சாமை விற்க இறங்கி வருகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிணறு இல்லாமல் ராட்டினமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அவள் கணக்கு வேறு. அப்பனும் மகனும் வெட்டிய கல்லையும் மண்ணையும் தலையில் சுமந்தே மேலே ஏற்றினார்கள், அதனால்தான் களைத்துப் போனார்கள். ராட்டினத்தில் கூடை கட்டினால் இரண்டு பெண்கள் கரையில் நின்றே இழுத்துவிடலாம். தண்ணீர் சேந்த வந்த ராட்டினம் முதலில் கல் சேந்தியது.

ஆட்களுக்கும் வழி செய்தாள். ஆளுக்கு ஆள் என்று பேசிக்கொண்டாள். மாரப்பன் கொல்லைக்கு இவள் களையெடுக்கப் போனால், மாரப்பன் ஒருநாள் குழியில் இறங்கவேண்டும். அதே கொட்டாயைச் சேர்ந்த முனிராஜ் வீட்டுக் கடலைக்காயை ஆய்ந்து கொடுத்தால், அவன் ஒருநாள் கடப்பாரை பிடிக்கவேண்டும். ஆட்கள் சேர்ந்ததும் தோட்டத்து வழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டாள். கிழக்கு வெளுக்கும்போது மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவாள். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். தண்டல் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற நேரம் அது. இங்கே சாலம்மாளே தண்டல். பேர் கூப்பிட்டதும் இருக்கேன் என்று சொல்கிறவனுக்குத்தான் முதல் செம்புக் கூழ். ஊரார் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பேர் விடுபட்டால் கோபித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பாறைமேல் முள்விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். சூட்டில் பாறை பொருக்குவிட்டதும் ஆறவைத்து, கடப்பாரை போட்டுப் பெயர்ப்பார்கள். மாசியில் நன்றாகத்தான் நடந்தது. பங்குனியில் பாறை பிடிவாதம் பிடித்தது. எரித்தாலும் பொருக்கு விடவில்லை. அடித்தால் நெருப்புப் பொறி பறந்ததே தவிர ஒரு சில்லு பெயரவில்லை. இது ஒரே கல், அடிவரைக்கும் ஒரே கல் என்று மாரப்பன் சொல்லிவிட்டான். தீர்த்தகிரி பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் இதேதான். ஒவ்வொருவராக வருவது நின்றது. ஒருவனுக்கு மாட்டுக்குச் சீக்கு, ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவன் காரணமே சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு விடிகாலை. டின்னைத் தட்டிவிட்டு நின்றாள். கூழ்ப்பானை பக்கத்தில் முனியம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சாலம்மாள் வழக்கம்போலப் பேர் கூப்பிட்டாள். மாரப்பன் என்றாள், பதில் இல்லை. முனிராஜ் என்றாள், பதில் இல்லை. எதிரே வெறும் கொல்லை. இத்தனை நாள் வராத அழுகை அன்று வந்துவிடும்போல இருந்தது. அதை அடக்க இன்னும் பலமாகக் கத்தினாள்.

"மாதப்பன்!"

கட்டிய நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதைத் தோட்டத்திலும் விட்டுவிடவில்லை. இப்போது கூப்பிட்டால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தீர்த்தகிரி நின்றிருந்தார். கோவணத்தை இறுக்கிக் கட்டி, தோளில் கடப்பாரையோடு. அத்தனை வருஷமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு முகத்தைத் திருப்பி நடந்து வந்திருந்தார்.

"அவன் ஆளுக்கு நான் எறங்குறேன்" என்றார்.

முனியம்மாள் முதல் செம்புக் கூழை அவரிடம் நீட்டினாள். குடித்துவிட்டு, விளிம்பில் குந்தி, முதல்முறையாக மருமகளிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கிணற்றைப் பற்றி அவன் என்னதான் சொன்னான்? சாலம்மாள் சொன்னாள். கல் படிக்கட்டையும் செங்கல் படிக்கட்டையும் சொன்னாள், புளியையும் மாவையும் சொன்னாள். மாமனார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஊற்றுக்கண் வடக்கு மூலையில் என்று அவள் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்த மூலை?"

"வடக்கு மூலைங்க மாமா. மலைப்பக்கம். மத்ததெல்லாம் மாத்தி மாத்திச் சொல்லுவாரு. அதை மட்டும் மாத்தவே மாட்டாரு."

"எங்கிட்டயும் அதான் சொன்னான்" என்றார் தீர்த்தகிரி. "அங்கதான் அடிக்கணும்னு நின்னான். நான்தான் வுடல."

சாலம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கிணறே பொய் என்றான பிறகு ஊற்றுக்கண் எந்த மூலையில் இருந்தால் என்ன என்று அவள் அந்தப் பேச்சையே மனசிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தாள். இத்தனை நாளும் எல்லோரும் நடுப்பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு விறகை வடக்கு மூலையில் அடுக்கினார்கள். பாறை அங்கே பொருக்குவிட்டது. முதலில் மெதுவாக, பிறகு பலகை பலகையாக. கிழவர் பெயர்த்துக் கொடுக்க, மாமியாரும் மருமகளும் ராட்டினத்தில் இழுத்தார்கள். சேதி பரவி மாரப்பன் திரும்பி வந்தான், முனிராஜ் வந்தான். பெரட்டில் வரிசை மறுபடி நீண்டது. மாதப்பன் பேரையும் அவள் தினமும் கூப்பிட்டாள். தினமும் தீர்த்தகிரி இருக்கேன் என்றார்.

வைகாசியில் ஒருநாள், பலகைக்கல் ஒன்றைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. கிழவர் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பீறிட்டு அடிக்கவெல்லாம் இல்லை. விரல் நுழைகிற ஒரு பிளவிலிருந்து கசிந்தது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை கணுக்கால் நனைந்தது. ஆடி பிறப்பதற்குள் இடுப்பு மூழ்கியது. அடுத்த மாதம் தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது என்று தருமபுரியில் கொடி கட்டி மிட்டாய் கொடுத்தார்கள். கொட்டாய்க்காரர்கள் அதற்கும் போய் வந்தார்கள். ஆனால் வருகிறவன் போகிறவனை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் காட்டியது கிணற்றைத்தான்.

கப்பல்காரி கெணறு என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. சாலம்மாளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. படிக்கட்டு கட்டும்போது பாதியைக் கல்லிலும் பாதியைச் செங்கல்லிலும் கட்டச் சொல்லி, கொத்தனாரைக் குழப்பினாள். கரையில் ஒரு பக்கம் புளியங்கன்றும் மறுபக்கம் மாங்கன்றும் வைத்தாள். குழந்தையை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டு வந்ததை ஒருநாள் தீர்த்தகிரியே மாற்றினார். புள்ளைக்குப் பேர் இல்லையா, வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று மருமகளுக்கு உத்தரவு போட்டார். அதன்பிறகு அவர் பெயரைச் சொல்லி அந்தக் கொட்டாயில் விழுந்த அதட்டலுக்கு அளவில்லை. அவரும் திடுக்கிடுவதை விட்டுவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் சென்னப்பன் வந்தான். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவன், கேள்விப்பட்டது நிஜமா என்று பார்க்கக் காலை இழுத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தான். சாலம்மாள் வாளியை இறக்கினாள். ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது. இரண்டு கையையும் குவித்து அவன் குடித்தான், குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தை நிமிர்த்தவில்லை. கட்டிலை இப்போது கிணற்றைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்த தீர்த்தகிரி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்லயே உங்கிட்டச் சொல்லிடணும்னு பாத்தேன் தங்கச்சி" என்றான் சென்னப்பன். "அவன் சொன்னதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பாத்துட்டு வாய் வரல."

சாலம்மாள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மாங்கன்றுக்கு ஊற்றினாள்.

"பொய் இல்லண்ணா. எங்க வூட்டுக்காரரு கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டாரு, அவ்வளவுதான்."